திருப்பிப் போட்ட கிளட்ச் பிளேட்: மறுபடி கழற்றும் முன்னும் கழற்றிய பின்னும்

கியர்பாக்ஸை ஏற்றி, ஆக்சில் இரண்டையும் செருகி, கியர் ஆயில் ஊற்றி, பேட்டரியையும் மாட்டியாயிற்று. இன்ஜின் நிற்கும்போது எல்லா கியரும் சொன்னபடி விழுகின்றன. ஸ்டார்ட் செய்த பிறகு பெடலை அடிவரை மிதித்தாலும் முதல் கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸுக்குத் தள்ளினால் கரகரவென்று பல் உரசுகிறது. வீட்டு வாசலிலேயே கிளட்ச் மாற்றியவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

பட்டறை மொழியில் இதற்குப் பெயர் ‘கிளட்ச் கட் ஆகவில்லை’. இன்ஜின் முனையில் சுற்றும் கனத்த சக்கரம்தான் ஃபிளைவீல். அதன்மேல் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்டின் நடுவில் விரல்போல் நீளும் தகடுகளைத் தள்ளி, பிளேட்டை விடுவிக்க வேண்டும். அது நடக்காததால், பெடலை மிதித்தும் இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. ‘கிளட்ச் ஸ்லிப்’ என்பது இதற்கு நேர் எதிர். அதில் பெடலை விட்டாலும் பிளேட் பிடிக்காமல் வழுக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு கடையில் போய்ச் சொன்னால் தேவையில்லாத சாமான்தான் கைக்கு வரும்.

கியரைப் போட்டு வைத்துவிட்டு, கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்து பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த நிலையில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். கிளட்ச் கட் ஆகாத வண்டி ஸ்டார்ட்டர் சுற்றிய நொடியிலேயே முன்னால் பாயும். எதிரே சுவர் இருந்தால் பம்பரோடு போகும். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க நிற்கும் பையன் இருந்தால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

இங்கே சொல்வது மாருதி 800, ஆல்டோ போன்ற, கேபிள் கிளட்ச் கொண்ட முன்சக்கர இழுவை வண்டிகளுக்கு. தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் பிரிக்கப்படும் வண்டிகளில் பெரும்பாலும் இவைதான். ஹைட்ராலிக் கிளட்ச் வண்டி என்றால், கீழே கேபிளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ‘காற்று எடுப்பது’ (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது) என்று மாற்றி வாசித்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றே.

கட் ஆகாத கிளட்சைக் கண்டதும் எல்லோர் கையும் முதலில் போவது கேபிள் நட்டுக்கு. முறுக்க முறுக்கப் பெடல் மேலே வரும். கொஞ்சம் சரியானது போலவும் தோன்றும். ஆனால் மாட்டும்போது கிளட்ச் பிளேட்டைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தால் கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. மாறாக ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்கள்மேல் ஓயாமல் அழுந்தி ஓடி, புதுப் பேரிங்கே கூவ ஆரம்பிக்கும். ஆகவே நட்டில் ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் மேல் இருக்கும் ரிலீஸ் லீவரை, கேபிள் மாட்டிய நிலையில் விரலால் அசைத்தால் அதன் முனை 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை வெறுமனே ஆட வேண்டும். பெடலில் அது ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிமீட்டராகத் தெரியும். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. இந்த ஆட்டம் சரியாக இருந்தும் கிளட்ச் கட் ஆகவில்லை என்றால் நட்டை விட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கோளாறு உள்ளே இருக்கிறது.

உள்ளே என்றால் எங்கே? கழற்றுவதற்கு முன் இரண்டு சோதனை.

முதலாவதுக்கு இன்ஜின் ஓடக் கூடாது. ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, இன்னொருவர் டார்ச் அடித்து ரிலீஸ் லீவரைப் பார்க்க வேண்டும். “மிதிங்கண்ணா… விடுங்க… மறுபடி மிதிங்க” என்று நாலைந்து முறை. லீவர் தொடக்கத்தில் சும்மா வந்து, பிறகு கனத்து, மிதிக்கிற வரை சீராக நகர்ந்தால் கேபிளும், உள்ளே பேரிங்கைத் தள்ளும் கவையான ஃபோர்க்கும் தம் வேலையைச் செய்கின்றன. கனமே இல்லாமல் கடைசிவரை வந்து விழுந்தால் ரிலீஸ் பேரிங் ஃபோர்க்கிலிருந்து நழுவியிருக்கிறது. கிளிப் மாட்டாமல் கியர்பாக்ஸை ஏற்றினால் இது நடக்கும். நடுவில் ‘டக்’ என்று துள்ளினால் பேரிங் கோணலாக நிற்கிறது.

இரண்டாவது சோதனை பலருக்குத் தெரியாது, ஆனால் இதுதான் நிறையச் சொல்லும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முன்னால் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மற்ற சக்கரம் தரையில்தான் இருக்க வேண்டும். இரண்டையும் தூக்கினால் ஒன்றைச் சுற்ற மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், எதுவும் புரியாது. முதல் கியரைப் போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெடலை மிதிக்காதபோது அது இன்ஜினோடு பூட்டிக்கொண்டு நிற்கும். பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டுச் சுற்றினால், கியர் ஆயிலின் பிசுக்கு மட்டும் கைக்குத் தெரிய, சக்கரம் சுற்ற வேண்டும். மிதித்தும் அசையவில்லை என்றாலோ, இரு கையால் பலமாகத் திருப்பும்போது கிராங்க் புல்லியும் சேர்ந்து நகர்ந்தாலோ பிளேட் ஃபிளைவீலை விடவில்லை.

லீவர் சீராக நகர்கிறது, ஆனால் சக்கரம் விடவில்லை: இந்த இரண்டும் சேர்ந்தால் சந்தேகப்பட நான்கு பேர் இருக்கிறார்கள். திருப்பிப் போட்ட பிளேட், கியர்பாக்ஸைத் தொங்கவிட்டதால் வளைந்த பிளேட், இறுகிப்போன பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையை இன்ஜின் பக்கம் தாங்குவது), வேறு வண்டிக்கான பிளேட். புதிதாக மாற்றிய கையோடு வந்த கோளாறு என்றால் முதலாவதுதான் பெரும்பாலும் குற்றவாளி. நான்கில் எதுவானாலும் கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும். அடியில் உள்ள தகட்டு மூடியைக் கழற்றி, மொபைலை உள்ளே விட்டுப் படம் எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் தெரிவது ஃபிளைவீலின் பல் வளையமும் பிரஷர் பிளேட்டின் விளிம்பும்தான். பிளேட்டின் முகம் தெரியாது.

பிளேட் ஏன் திரும்புகிறது என்றால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றுவதால்தான். உண்மையில் இல்லை. நடுவில் ஸ்பிரிங்குகள் உட்கார்ந்திருக்கும் குமிழ் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், மறுபக்கம் ஏறக்குறைய தட்டையாக இருக்கும். ஸ்பிரிங் துருத்தும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும்; பிரஷர் பிளேட்டின் நடுக்குழி அதற்கு இடம் தருகிறது. திருப்பிப் போட்டால் அந்தக் குமிழ் ஃபிளைவீல் போல்ட்டுகளின் தலையில் போய் முட்டும். அப்போது பிளேட்டின் ஓரத்தில் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங் ஃபிளைவீலில் படுக்காமல் ஒரு இழை தூக்கி நிற்கும். அதற்கு மேல் பிரஷர் பிளேட்டின் கவர் போல்ட்டுகளை இறுக்கினால் பிளேட் ஓரத்தில் அழுந்தி, தட்டு போல் குழிந்து உட்காரும். பெடலை மிதித்ததும் பிரஷர் பிளேட் பின்வாங்குகிறது. ஆனால் நடுவில் குமிழும் போல்ட் தலைகளும் உரசிக்கொண்டே இருக்கின்றன. கிளட்ச் கட் ஆகாததன் காரணம் அந்த உரசல்தான்.

எழுத்தும் ஏமாற்றும். பல பிளேட்டுகளில் ‘ஃபிளைவீல் சைடு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஏதாவது எழுதியிருந்தால் அது நம்மைப் பார்த்து இருக்கும்படி வைப்பதுதான் மனித இயல்பு. ஆனால் அந்த எழுத்து மாட்டிய பிறகு கண்ணுக்குத் தெரியக் கூடாது; ஃபிளைவீலோடு ஒட்டி மறைய வேண்டும். வேறு சில பிளேட்டுகளில் ‘கெட்ரீபெஸைட்ட’ என்று ஜெர்மனில் இருக்கும். அது கியர்பாக்ஸ் பக்கம். அந்த எழுத்துதான் நம்மைப் பார்க்க வேண்டும். எதுவுமே எழுதாத பிளேட்டும் வரும்.

எழுத்தை நம்பாமல் செய்யக்கூடிய சோதனை பத்து நொடி வேலை. பிரஷர் பிளேட் இல்லாமல், வெறும் பிளேட்டை ஃபிளைவீலின்மேல் கையால் அழுத்திப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். சரியான பக்கம் என்றால் ஓரம் முழுக்கப் படிந்து, ‘ஸ்ஸ்’ என்ற ஒரே சத்தத்தோடு சுற்றும். தப்பான பக்கம் என்றால் நடுவில் முட்டி, மூடி சரியாக உட்காராத பாத்திரம் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். விளிம்பில் விரல் நகம் நுழையும் இடைவெளி தெரியும். சுழற்றினால் கட்கட் என்று போல்ட் தலைகளைத் தட்டும். இதை மாட்டும் முன்பே செய்திருந்தால் இவ்வளவு வேலை இல்லை. பரவாயில்லை, இப்போது செய்யுங்கள்.

இரண்டாம் முறை கழற்றுவது முதல் முறையைவிடப் பாதி நேரம்தான் எடுக்கும். துருப்பிடித்த போல்ட்டுகளெல்லாம் ஏற்கெனவே அசைந்துவிட்டன. ஆனால் எரிச்சலிலும் அவசரத்திலும் அடிபடுவது இந்தச் சுற்றில்தான். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்தாதீர்கள். அது விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே அடியாக நொறுங்கும். செம்மண் தரையில் ஜாக்கியின் அடி மெல்லப் புதையும் என்பதால் அடியில் தடித்த பலகை வேண்டும். கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்ட்டைக் கழற்றினால் இன்ஜின் ஒரு பக்கம் சாயும். ஆயில் சம்ப் மெல்லிய தகடு; ஜாக்கியை நேராக வைத்தால் குழி விழும். பலகை வைத்துத் தாங்குங்கள், அல்லது மேலிருந்து செயின் பிளாக்கில் பிடியுங்கள். மரக்கிளையில் மாட்டுவதென்றால் வேம்போ புளியோ, தடித்த கிளையாக இருக்கட்டும். முருங்கையை நம்பியவர்கள் கதை ஊருக்கு ஊர் இருக்கிறது.

பேட்டரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள். ஊற்றிய கியர் ஆயில் புதிது என்பதால் சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். துணியில் வடிகட்டினால் நூல் உள்ளே போகும். ஒரு நாள் அப்படியே விட்டு, அடியில் விரல் கனம் விட்டுவிட்டு மேலாக ஊற்றிக்கொள்ளலாம். ஆயிலை வடிக்கும் முன் மேலே உள்ள ஃபில்லர் போல்ட் திறக்கிறதா என்று பார்ப்பது எப்போதும் நல்லது. கீழே வடித்த பிறகு மேல் போல்ட் சுழல மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

ஆக்சிலைக் கழற்றுகையில் ஷாஃப்டைப் பிடித்து இழுக்காதீர்கள். உள் ஜாயிண்ட் பிரிந்து, பூட் கிழிந்து, கிளட்ச் வேலை ஆக்சில் வேலையாகிவிடும். லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட்டை விடுவித்து, கியர்பாக்ஸை ஒட்டிய இடத்தில் டயர் லீவரை வைத்து மெல்ல நெம்பினால் கிளிப் விட்டு வெளியே வரும். லீவரின் முனை ஆயில் சீலில் படக் கூடாது.

கியர்பாக்ஸ் இறங்கியதும் கவர் போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். 12 எண் பாக்ஸ் ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, எதிரெதிராக. பிளேட் கையில் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் குமிழைச் சுற்றிப் பளபளவென்று புது வளையக் கீறல் இருக்கும். ஃபிளைவீல் போல்ட் தலைகளிலும் அதே பளபளப்பு, ஒவ்வொன்றின்மேலும் ஒரே வளைவில். குற்றவாளி பிடிபட்டான்.

பிளேட்டை மறுபடி பயன்படுத்தலாமா என்பதுதான் பணம் தொடர்பான கேள்வி. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். கியர்பாக்ஸ் ஷாஃப்டில் பிளேட்டைச் செருகி விரலால் சுழற்றுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டால் விளிம்பு ஆடுகிறதா என்று தெரியும். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், ஒரு மில்லிமீட்டர் என்றாலும், வேண்டாம். ஸ்பிரிங் கூண்டு நசுங்கியிருந்தாலோ, ஸ்பிரிங் கையால் குலுங்கினாலோ வேண்டாம். பிடித்து இழுத்துக்கொண்டே ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் சோதனையே தேவையில்லை, புதுப் பிளேட் வாங்குங்கள். பிளேட் மட்டும் தனியாகக் கிடைக்கும்; முழு செட் வாங்க அவசியமில்லை. பழைய பிளேட்டைக் கையில் கொண்டுபோய், விட்டத்தையும் நடுத்துளையின் பல் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு வாங்குவதே பத்திரம்.

பிரஷர் பிளேட்டின் விரல்களைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா முனையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். திரும்பிய பிளேட்டின்மேல் இறுக்கியதில் ஒன்றிரண்டு தாழ்ந்திருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும். போல்ட் தலைகளில் வெறும் கீறல் என்றால் தொந்தரவில்லை. ஸ்பேனர் பிடிக்கும் முனைகள் மழுங்கியிருந்தால் மாற்றுங்கள்.

கியர்பாக்ஸ் வெளியே இருக்கும் இந்த நேரத்தில் வேறு மூன்றைப் பார்க்காமல் விட்டால் மூன்றாம் முறையும் கழற்ற நேரிடும். பைலட் பேரிங்கை விரலால் சுற்றுங்கள், கரகரத்தால் மாற்றுங்கள். கிராங்க்கின் பின் சீலைச் சுற்றியும், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீலைச் சுற்றியும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். கறுத்து நீர்த்திருந்தால் இன்ஜின் ஆயில். தடித்துக் கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். எந்தச் சீல் என்று மூக்கே சொல்லிவிடும். மூன்றாவது, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் முகத்தில், இரண்டையும் நேர்கோட்டில் நிறுத்தும் சிறு இரும்புக் குச்சிகளான இரண்டு டவல் பின்கள். கழற்றும்போது இவை தெறித்து விழுவதுண்டு. ‘போல்ட் பிடித்துக்கொள்ளும்’ என்று விட்டால் ஷாஃப்ட் நேர்கோட்டில் நிற்காது. கிளம்பும்போது வண்டி உதறும். நாளடைவில் புதுப் பிளேட்டின் நடுப்பல் தேயும்.

சுத்தம் செய்வதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று கெடுக்கிறது. எதை எடுத்தாலும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுவது. இரண்டும் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அந்தப் படலம் சூடேறினால் லைனிங்கில் கண்ணாடிப் பூச்சு போல் ஏறும். ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். இல்லையென்றால் அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தின்னர். கைரேகைகூடப் பட வேண்டாம். ஃபிளைவீல் பளபளத்திருந்தால் 120 எண் எமரித் தாளால் குறுக்கும் நெடுக்குமாக லேசாக. உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் எடுங்கள். ரிலீஸ் பேரிங்கை எதிலும் முக்கக் கூடாது, உள்ளே உள்ள கிரீஸ் கரைந்து போகும்.

ஷாஃப்டின் பற்களுக்குக் கிரீஸ் வேண்டும், ஆனால் மொத்தமே ஒரு நிலக்கடலைப் பருப்பளவு. தடவி, பிளேட்டை மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் தள்ளி, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். மிஞ்சியது சுற்றும் வேகத்தில் லைனிங்கில் தெறிக்கும். ஆயிலோ கிரீஸோ ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மீட்பதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மலையேறும்போது அது மறுபடி வழுக்கும்.

பிளேட்டை நடுவில் நிறுத்த, கிட்டோடு வரும் பிளாஸ்டிக் குச்சி போதும். இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் அதே மாடலின் உடைந்த கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிடைக்கிறதா பாருங்கள். அதைவிடத் துல்லியமான கருவி கிடையாது. அதுவும் இல்லையா? பைலட் பேரிங்கில் இறுக்கமாக நுழையும் ஒரு பாக்ஸை எக்ஸ்டென்ஷனில் மாட்டி, பிளேட்டின் துளை அளவுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றினால் வேலை நடக்கும். கவர் போல்ட்டுகளை விரலால் முழுக்கத் திருகிவிட்டு, எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கி, கடைசியில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள். இறுக்கி முடித்ததும் குச்சி தடையில்லாமல் வெளியே வந்து உள்ளே போக வேண்டும். இறுகிப் பிடித்தால் பிளேட் நகர்ந்துவிட்டது. தளர்த்தித் திரும்பச் செய்யுங்கள்.

ஏற்றும்போது மறுபடியும் பொறுமை. கியர்பாக்ஸைப் பிளேட்டின்மேல் ஒரு நொடிகூடத் தொங்கவிடக் கூடாது. அதன் எடை முழுவதும் ஜாக்கியிலோ இன்னொருவர் கையிலோ இருக்க வேண்டும். கடைசி 10, 15 மில்லிமீட்டரில் நின்றுகொண்டு உள்ளே போக மறுப்பது வழக்கம். அப்போது நீள போல்ட் போட்டு இறுக்கி இழுக்கத் தோன்றும். இழுத்தால் அலுமினியக் காது உடையும், அல்லது பிளேட்டின் நடுப்பகுதி வளையும். நான்காவது கியரைப் போட்டு, ஆக்சில் துளை வழியாகவோ கிராங்க் புல்லி போல்ட்டைப் பிடித்தோ கொஞ்சம் சுற்றுங்கள். பல்லும் பல்லும் சேர்ந்ததும் கை அழுத்தத்திலேயே முகத்தோடு முகம் போய் உட்காரும். அதற்குப் பிறகுதான் போல்ட். ஆக்சிலைச் செருகும்போது கிளிப் ‘டிக்’ என்று பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். பிடித்து லேசாக இழுத்து உறுதி செய்யுங்கள். பால் ஜாயிண்ட் போல்ட்டைப் போட்டதும் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். மறந்தால் சக்கரமே மடங்கும் போல்ட் அது.

கியர்பாக்ஸில் மாட்டும் எர்த் வயரை மறப்பவர்கள் அதிகம். மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், ஸ்டார்ட்டருக்குத் தேவையான மின்சாரம் வேறு வழி தேடி, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே பாயும். கேபிள் சூடாகிப் புகையும், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகும். பிறகு கிளட்ச் கனத்துப்போய், பிளேட்டைத்தான் மறுபடி தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வரும். ரிவர்ஸ் லைட் வயரையும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் அதே கையோடு மாட்டிவிடுங்கள். ஆயிலை லெவல் துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள்.

சக்கரத்தை இறக்குவதற்கு முன் ஒற்றைச் சக்கரச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பெடலை மிதித்தால் சக்கரம் சுற்ற வேண்டும், விட்டால் பூட்ட வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, பெடலை மிதித்து மூன்று நொடி விட்டு ரிவர்ஸ். சத்தமே இல்லாமல் விழுந்தால் கிளட்ச் கட் ஆகிறது.

புதுப் பிளேட் உட்கார 300 முதல் 500 கிலோமீட்டர் வரை பிடிக்கும். அதுவரை கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில் மேலுமலை ஏற்றத்திலும், சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்திலும் ஆள் நிறைய, சுமை நிறைய ஏற்றிக்கொண்டு போகாமல் இருப்பது நல்லது. வேகம் குறையும் முன்பே கியரைக் குறையுங்கள். ஏற்றத்தில் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள். பிளேட் தேயத் தேயப் பிரஷர் பிளேட்டின் விரல்கள் பேரிங்கை நோக்கி வரும், அதனால் லீவரின் ஆட்டம் குறையும். முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும் லீவர் முனையை ஒரு முறை அசைத்துப் பாருங்கள். 2 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் கேபிள் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள்.